படகில் வளர்ந்த கூந்தல்

கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் படகின் இடது அடிப்புறத்தில் முடி முளைத்திருப்பதை முதலில் பார்த்தவர், பெயின்ட் டின்களை இறக்க வந்த வண்டிக்காரர். அன்றைக்கு அது நான்கு விரற்கடை நீளம் இருந்தது. கறுப்பு முடி, நுனியில் லேசான சுருட்டை. வண்டிக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க படகுக்கு முடி வெட்டணும்" என்று பட்டறைச் சொந்தக்காரரிடம் சொல்லி, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சொந்தக்காரரை ஊரில் ஃபைபர்காரர் என்பார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, அவர் குனிந்து அந்த முடியை முகர்ந்து பார்த்தார். யாருடையது என்று தெரிந்துவிட்டது. பதினான்கு வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. அவர் மனைவி வீட்டைவிட்டுப் போய் அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது.

படகு அவருடையது அல்ல, மனைவியின் தம்பியுடையது. இருபத்து நான்கு அடி நீளம், முப்பது வயது. கழிமுகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் எட்டு நடை போய்வந்த படகு. அந்தக் காலத்தில் கழிமுகத்துக்குப் பாலம் கிடையாது. ஒருநாள் மைத்துனன் பட்டறைக்கு வந்து, "மாமா, அலை அடிக்கிறப்போ அடிப்பக்கம் உள்ள போயி வெளிய வருது. காலுக்குக் கீழ ஏதோ மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றான். பழைய ஃபைபர் படகுகளுக்கு வருகிற தளர்ச்சிதான் அது. அடித்தோல் மெலிந்து போயிருந்தது. படகைக் கவிழ்த்து, பெயின்டையும் மேல்பூச்சையும் தேய்த்து எடுத்து, வெளிப்பக்கமாக மேலும் நான்கு அடுக்குக் கண்ணாடி நாரும் ரெசின் பசையும் போட்டால் இன்னும் இருபது வருடம் ஓடும். அடுத்த திங்கட்கிழமை துறைமுக அலுவலகத்தின் வருடாந்தரச் சோதனை. அதற்குள் முடித்துத் தருவதாக ஃபைபர்காரர் வாக்குக் கொடுத்தார். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் யாரிடமும் எதற்கும் சொன்னதில்லை.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவள் தையல்காரி. கல்யாணமான முதல் மாதம், மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள், கணவர் ஃபைபர் மேட்டை, அந்தக் கண்ணாடி நார் விரிப்பை, கையால் கிழித்து வீணாக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, தன் பையிலிருந்த தையல் கத்தரியால் வெட்டினாள். அதற்குப் பிறகு பட்டறையில் மேட் வெட்டுவது அவள்தான். ஒரு படகைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "பதினோரு கெஜம் வேணும், கால் கெஜம் மிஞ்சும்" என்பாள். சரியாகக் கால் கெஜம் மிஞ்சும். அளவுக்காரம்மா என்று பெயர் வந்தது அப்படித்தான். ரெசின் தடவ, ரோலர் உருட்டிக் குமிழி எடுக்க, தேய்க்கும் கிரைண்டர் பிடிக்க எல்லாம் இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டாள். நார்த்தூள் உடம்பெல்லாம் ஒட்டி அரிக்கும். "இந்த வீட்டுல ஆளுக்கொரு சொறி, அதுல மட்டும் சண்டையே இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

மைத்துனனின் படகைக் கவிழ்த்து ஒருநாள் முழுக்கத் தேய்த்த பிறகு, அவள் மூன்று இடங்களில் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். மறுநாள் காலையில் மூன்று தாளுக்கு அடியிலும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. "தண்ணி குடிச்சிருக்கு. ரெண்டு வாரமாவது வெயில்ல காயணும்" என்றாள். மைத்துனன் வந்து பார்ப்பதற்குள் ஃபைபர்காரர் மூன்று தாளையும் பிய்த்துச் சுருட்டிக் குப்பை டின்னில் போட்டார். அவள் அதைப் பார்த்தாள். மைத்துனனும் இரண்டு வேலையாட்களும் நிற்கும்போதே சொன்னாள்: "இது மேல போட்டா ஒட்டாது. பழசு பழசா நிக்கும், புதுசு புதுசா நிக்கும்." சமீபகாலமாக வாடிக்கையாளர்கள் அவரிடம் தேதியை மட்டும் கேட்டுவிட்டு, வேலையைப் பற்றி அவளிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அது அவருக்கு நாலைந்து மாதமாகவே உறுத்திக்கொண்டிருந்தது. "துணி தைக்கிறவ துணியைப் பத்திப் பேசு. படகு எனக்குத் தெரியும்" என்றார். வேலையாட்கள் இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். மைத்துனன் அக்காவைப் பார்த்தான், பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தான்.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் போகவில்லை. இடது அடிப்புறத்தில் ஒரு கதவு அகலத்துக்கு, உப்புத்தாளை வைத்துக் கையாலேயே வெள்ளை நார் தெரியும்வரை தேய்த்தாள். பிறகு வீட்டிலிருந்து இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்து, துணி சுற்றி, மிதமான சூட்டில் அந்த இடத்தை ஒற்றி ஒற்றி உலர்த்தினாள். ஒரு கதவு அளவுக்குத்தான் நேரம் இருந்தது. திரும்பி வந்த ஃபைபர்காரர் அதைப் பார்த்தார், திட்டவில்லை. திட்டாமல் இருந்ததையே மன்னிப்புக் கேட்டதாக மனதுக்குள் வைத்துக்கொண்டார். ரெசினில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து வேலை தொடங்கியது. இரண்டாவது அடுக்கில், அவள் உலர்த்திய அந்த இடத்திலேயே, குனிந்து தடவிக்கொண்டிருந்தபோது தலையில் கட்டியிருந்த துணி நழுவி ஒரு கற்றை முடி ரெசினில் விழுந்தது. ரோலர் அதன்மேல் ஏறிவிட்டது. "கொஞ்சம் நில்லுங்க, முடி மாட்டிக்கிச்சு" என்றாள். "ரெசின் இறுகுது. வெட்டி விட்டுட்டு வேலையைப் பாரு" என்றார் அவர், தலையைத் தூக்காமல். அவள் கத்தரியை எடுத்துத் தன் முடியைத் தானே வெட்டினாள். ஒரு சாண் முடி கண்ணாடி நாருக்குள் கறுப்பு நூல்போலக் கிடந்தது. அதன்மேல் மூன்றாவது அடுக்கு வந்தது.

திங்கட்கிழமை சோதனையில் படகு தேறியது. பார்வைக்குப் புதுப்படகு மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம், அந்தக் கரைக்கு இருபது கெஜம் இருக்கும்போது, புதிய அடுக்கு மொத்தமும் பழைய அடியைவிட்டுப் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அலையின் வேகத்தில் பழைய தோல் கிழிந்து தண்ணீர் உள்ளே வந்தது. பதினான்கு பயணிகளும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கரை ஏறினார்கள். ஒருவருடைய மருந்துப் பை மட்டும் போயிற்று. எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கிய மைத்துனனின் வலது கை, சாய்ந்த படகுக்கும் தண்ணீருக்குள் நீண்டிருந்த இறங்குதுறையின் தூணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எலும்பு கூடியது, ஆனால் முழங்கைக்குக் கீழே கை அதற்குப் பிறகு அவன் சொன்னபடி கேட்கவில்லை.

துறைமுக அலுவலகத்தில் விசாரணை நடந்தது. தவறு பட்டறைச் சொந்தக்காரருடையது என்றால் உரிமம் போய்விடும், உதவியாளருடையது என்றால் எச்சரிக்கையோடு விடுவார்கள் என்று முந்தின நாளே யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பட்டறை போனால் இருவருக்கும்தானே சோறு போகும் என்று அவர் வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார். அதிகாரி கேட்டபோது, "ரெசின்ல ஹார்ட்னர் கலந்தது என் வீட்டுக்காரி. அளவு தப்பிடுச்சு" என்றார். கலந்தது அவர்தான். அவள் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் சுவரில் இருந்த மின்விசிறி ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் 'கலவைப் பிழை' என்று எழுதி, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். வாழ்நாளில் ஒரு அங்குலம்கூட அளவு தப்பாதவள் அதில் கையெழுத்துப் போட்டாள், எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கும்படி. அன்று சாயங்காலமே தையல் மெஷினை ஒரு தள்ளுவண்டியில் இறங்குதுறைக்குக் கொண்டுபோய், வேறொருவர் படகில் ஏற்றிக்கொண்டு, கை ஒடிந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள அந்தக் கரைக்குப் போய்விட்டாள். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

உடைந்த படகைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறையில் கவிழ்த்து வைத்தார்கள். புதிய அடுக்கில் எல்லாம் உரிந்துபோயிருந்தது, ஒரு கதவு அகலத்துக்கு இடது அடிப்புறம் மட்டும் அசையாமல் ஒட்டியிருந்தது. உளி வைத்துத் தட்டிப் பார்த்தார், பெயரவில்லை. முடி முளைத்தது அங்கேதான்.

முதல் தடவை அவரே கத்தரியால் வெட்டினார். மூன்று வாரத்தில் மறுபடி வளர்ந்தது. ஊர் நாலு நாள் வந்து பார்த்தது, ஐந்தாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனது. சிலர் தங்கள் படகுக்கும் அப்படி வருமா, வந்தால் வேகம் குறையுமா என்று விசாரித்தார்கள். துறைமுக அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து டேப் வைத்து அளந்து, பதிவேட்டில் 'உறுதியான பகுதி: ஒன்று. முடி: ஒன்றேகால் அடி' என்று எழுதிக்கொண்டு போனார். முடிதிருத்துபவர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர், விரலால் அளைந்து பார்த்து, "நல்ல சத்தான முடி. வேளாவேளைக்குச் சாப்பிடுறாங்க. ஆனா தூக்கம் சரியில்ல, நுனி பிளந்திருக்கு" என்றார். மாதம் ஒருமுறை வந்து நுனி வெட்டிவிடுவது அவருக்கு வழக்கமாயிற்று. சில காலைகளில் முடி நனைந்து, சோப்பு மணத்தோடு சொட்டிக்கொண்டிருக்கும். அவள் தலைக்குக் குளித்திருக்கிறாள் என்று ஃபைபர்காரர் தெரிந்துகொள்வார். அந்த நாட்களில் படகுக்குப் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டமாட்டார், தூசி படியும் என்று.

இரண்டாவது வருடம் கழிமுகத்துக்குக் குறுக்கே பாலம் வந்தது. பஸ்ஸில் நாற்பது நிமிடம். வானம் தெளிந்த நாளில் பட்டறை வாசலில் நின்றால் அந்தக் கரையின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அவர் பார்ப்பார். போகவில்லை.

நான்காவது வருடம் ஒரு வாரம் முழுக்க முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அள்ளிப் பார்த்தால் உயிரில்லாமல் நார்போல இருந்தது. முடிதிருத்துபவர் பார்த்துவிட்டு, "கடுமையான காய்ச்சல். போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். ஃபைபர்காரர் பையில் ஒரு சட்டையும் நாலு ஆரஞ்சுப் பழமும் வைத்துக்கொண்டு பஸ் நிலையம் போனார். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். என்ன சொல்வது என்று யோசித்தார். எப்படி இருக்கிறாய் என்று தொடங்கினால் அவள் இருக்கிறேன் என்பாள், அதற்கு மேல் அந்த அலுவலகத்தில் சொன்னதைப் பற்றி அல்லவா பேச வேண்டும். கண்டக்டர் விசில் ஊதியதும், "ஒரு சாமானை மறந்துட்டேன்" என்று இறங்கிவிட்டார். மறுநாளும் போய் இறங்கினார், அதற்கு மறுநாளும். நான்காம் நாள் பழம் அழுகிப்போயிருந்தது. அதற்குள் படகில் புதிதாகப் பூனைமுடி போல முளைக்கத் தொடங்கியிருந்தது. பிழைத்துவிட்டாள். அவருக்கு வந்த நிம்மதியில், தானே போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோல அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

முடி மறுபடி இரண்டடி வளர்ந்தபோதுதான் அவர் பின்னத் தொடங்கினார். காற்றில் பறந்து சிக்கு விழுகிறது என்பது ஒரு காரணம். கயிறு முறுக்கத் தெரியும், முடி பின்னத் தெரியாது. வலைப் பட்டறையில் கயிறு முடைகிறவரைப் பார்த்துவிட்டு வந்து மூன்று புரியாகப் பிரித்துப் பின்னினார். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவி, பலகையைப் போட்டு உட்கார்ந்து, சீப்பால் வாரி, பின்னி, நுனியில் நூல் கட்டுவார். வேலையாட்கள் அந்த நேரம் தாங்களாகவே வெளியே போய்விடுவார்கள். ஏழாவது வருடம் முதல் நரை வந்தது. அவர் அதைத் தனியாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பத்தாவது வருடம் பாதிக்குமேல் வெள்ளை. அவருக்கும் அப்படித்தான், ஆனால் தன்னுடையதை அவர் கண்ணாடியில் பார்த்ததைவிட அவளுடையதைப் படகில் பார்த்ததுதான் அதிகம்.

பன்னிரண்டாவது வருடம் மைத்துனன் வந்தான். வலது கை பாக்கெட்டில் கிடந்தது. தாடி வைத்திருந்தான். நலம் விசாரிக்காமல் நேராகப் படகுக்கிட்டே போய், கூந்தலைப் பார்த்தான். அன்று அது பின்னியபடி இருந்தது.

"பாலத்துல விரிசல் மாமா. ஒன்றரை வருஷம் பஸ் போகாதுங்கிறாங்க. படகு விடச் சொல்லி ஆபீஸ்லயே கூப்பிட்டாங்க. இடது கையால ஓட்டிப் பழகிட்டேன். எனக்கு என் படகு வேணும். இந்தத் தடவை ஒழுங்கா அடுக்குப் போட்டுக் கொடுங்க."

"கொடுக்கிறேன்" என்றார். பிறகு, "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி வாய்க்கு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

மைத்துனன் கூந்தலைக் காட்டினான். "தினமும் பின்னுறது நீங்கதானா?"

"ஆமா."

"அக்கா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை நிறுத்திடுவா. தலை தானா பின்னிக்கும். நாங்க பார்த்துட்டே இருப்போம். மூணு புரியில ஒரு புரி எப்பவும் தொளதொளன்னு இருக்கும். அவ அதை அவுத்து மறுபடி பின்னிக்குவா."

ஃபைபர்காரர் ரெசின் டின்மேல் உட்கார்ந்தார். "ஏதாவது சொல்லுவாளா?"

"ஒண்ணும் சொல்லமாட்டா. பின்ன ஆரம்பிச்ச முதல் ரெண்டு வருஷம் மெஷினை வாசல் பக்கம் போட்டிருந்தா, பஸ் நிக்கிற இடம் தெரியற மாதிரி. பின்னுற ஆளு எப்படியும் வருவாருன்னு நினைச்சா போல. அப்புறம் வெளிச்சம் பத்தலைன்னு சொல்லி மெஷினைப் பின்னாடி ரூமுக்கு மாத்திட்டா. பின்னாடி ரூம்ல ஜன்னலே இல்ல மாமா."

அவன் போன பிறகு ஃபைபர்காரர் ஒரு தாளை எடுத்துத் தன் கையால் எழுதினார். மறுநாள் காலை துறைமுக அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தார். ரெசின் கலந்தது தான்தான் என்றும், அளவு சரியாகவே இருந்தது என்றும், படகு ஈரமாக இருப்பது தெரிந்தே வேலை செய்ததாகவும், ஈரம் இருக்கிறது என்று சொன்ன மனைவியின் வாயை அடைத்ததாகவும் அதில் இருந்தது. அங்கே இருந்த எழுத்தர் புது ஆள், அந்த விபத்து நடந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். பழைய கட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி, தாளை அதில் சேர்த்து, நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார். உரிமத்தைப் பற்றிக் கேட்டபோது, இவ்வளவு பழைய விவகாரத்துக்கு இப்போது நடவடிக்கை கிடையாது என்றார். இவ்வளவு சுலபமாக முடிந்தது ஃபைபர்காரருக்கு அவமானமாக இருந்தது. ஒரு தாள், அரை மணி நேரம்.

பாலம் மூடியிருந்ததால் கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு மூன்று பஸ் மாறி அந்தக் கரைக்குப் போனார். பின்னாடி அறையில் பள்ளிச் சீருடைகள் கயிற்றில் தொங்கின, எல்லாம் ஒரே நீலம், அளவு மட்டும் சிறிதிலிருந்து பெரிதாக. அவள் மெஷினில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் காலை நிறுத்தினாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் நகலை நீட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் படித்தாள்.

"கலவைன்னு எழுதணும். கவலைப் பிழைன்னு எழுதியிருக்கீங்க" என்றாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. "மாத்தி எழுதிக் கொடுத்துடுறேன்."

"வேணாம். இருக்கட்டும்." தாளை நான்காக மடித்து மெஷின் டிராயரில் வைத்தாள். டிராயரை மூடிவிட்டு, "அன்னைக்கு ஆபீஸ் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னேன். வெளிய வந்து என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு. என்ன சொல்லியிருந்தாலும் உங்ககூடவே வீட்டுக்கு வந்திருப்பேன். நீங்க பின்வாசல் வழியா போயிட்டீங்க" என்றாள்.

அவர் பின்வாசல் வழியாகத்தான் போனார். அங்கே ஒரு வாசல் இருப்பதை எழுத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். அது இவ்வளவு நாளும் தனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தார்.

"இப்ப வர்றியா?" என்று கேட்டார்.

அவள் ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் கோத்துவிட்டாள். "கோவம்லாம் இல்ல. அதெல்லாம் தீர்ந்து ரொம்ப நாளாச்சு. கோவம் இருந்தப்போ வந்திருக்கலாம், சண்டையாவது போட்டிருப்பேன். இப்ப எனக்கு இங்க வேலை இருக்கு." நூலின் முனையைக் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டாள்: "தம்பி படகை எப்படித் தேய்க்கணும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"வெள்ளையா நார் தெரியற வரைக்கும். பிளாஸ்டிக் ஒட்டிப் பாருங்க, கண்ணால பார்த்துட்டுக் காஞ்சிடுச்சுன்னு சொல்லாதீங்க. என் முடி இருக்கிற இடத்தையும் சேர்த்து எடுத்துடுங்க."

"அந்த இடம் நல்லா ஒட்டியிருக்கு. அதை மட்டும் விட்டுடலாம்."

"ஒட்டியிருந்தாலும் பழசு. அதுல தம்பி போகப்போறான், ஊரு பிள்ளைங்க போகப்போகுது. அப்புறம், இனிமே பின்னாதீங்க."

சரி என்றார். வாசல்வரை வந்து அனுப்பினாள். பஸ் புறப்படும்வரை நிற்கவில்லை.

படகு நாற்பது நாள் வெயிலில் காய்ந்தது. ஒன்பது இடத்தில் பிளாஸ்டிக் ஒட்டினார். ஒன்பதும் உள்ளே பொட்டு ஈரமில்லாமல் வந்த அன்று, முடிதிருத்துபவர் சொல்லாமலே வந்து, பின்னாமல் விட்டிருந்த கூந்தலை அடியோடு வெட்டித் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஃபைபர்காரர் அதை மைத்துனனிடம் கொடுத்தனுப்பினார். வந்து சேர்ந்தது என்றோ வேண்டாம் என்றோ பதில் எதுவும் வரவில்லை. மற்ற இடமெல்லாம் இரண்டு நாளில் தேய்த்து முடித்தார், அந்தக் கதவளவு இடத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. மூன்று கிரைண்டர் தட்டு தேய்ந்தது. தேய்க்கத் தேய்க்க பட்டறை முழுக்கச் சோப்பு மணம் வந்தது. அடியில் பழைய தோல் எலும்பு போலக் காய்ந்து, சுத்தமாக இருந்தது. நாற்பது வருடம் தாண்டிய படகில் ஒழுங்காக வேலை செய்த ஒரே இடத்தைத் தன் கையால் அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் சொன்னதைக் கேட்டு அவர் செய்த முதல் வேலையும் அதுதான்.

அசிட்டோனால் துடைத்தார். ஒரு அடுக்கு மேட், ஒரு அடுக்கு நெய்த கண்ணாடித் துணி, மறுபடி மேட், மறுபடி துணி என்று நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு சாண் அகலமாக. மேட்டைத் தானே அளந்து தானே வெட்டினார். ஒன்றரை கெஜம் வீணாயிற்று. இறுகிய பிறகு மரச்சுத்தியலால் முனை முதல் முனை வரை தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். அந்த இடத்தில் முடி வளரவில்லை. முதல் வருடம் படகைச் சுரண்டிச் சுத்தம் செய்யக் கரையேற்றியபோது அவர் படுத்துக்கொண்டு கையால் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது.

மைத்துனன் இடது கையால் படகு ஓட்டினான். அனுமதி பதினாறு பேர். படகு ஓடத் தொடங்கிய மூன்றாவது மாதம், தைத்த சீருடைகளைப் பள்ளிகளில் கொடுப்பதற்காக அவள் இந்தக் கரைக்கு வரத் தொடங்கினாள், வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் வியாழக்கிழமை. அவள் ஏறினால் படகு தாழ்வதற்குப் பதில் இரண்டு விரற்கடை உயர்ந்தது. முதலில் மைத்துனன் அலை என்று நினைத்தான். பிறகு படகின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தான். துறைமுக அலுவலகத்துக்குத் தகவல் போய், அதிகாரி ஒருவர் அளவுகோலோடு வந்து, அவளை மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னார், அவள் எடையே உள்ள வேறொருவரையும் ஏறி இறங்கச் சொன்னார். மூன்று தடவையும் அவளுக்கு மட்டும் படகு உயர்ந்தது. அவர் கணக்குப் போட்டு, மேற்படி பயணி செல்லும் நாட்களில் மட்டும் ஒரு ஆள் கூடுதலாக ஏற்றலாம் என்று உத்தரவு எழுதி, நகலைப் படகில் ஒட்டச் சொன்னார். இரண்டு கரை மக்களுக்கும் அது பழகிவிட்டது. அவசர வேலை இருக்கிறவர்கள் வியாழக்கிழமை பார்த்து வருவார்கள், இடம் கிடைக்கும் என்று.

இறங்குதுறையிலிருந்து பட்டறை முப்பது கெஜம். படகு வரும்போது ஃபைபர்காரர் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். அவள் முதலில் குனிந்து படகின் அடிப்புறத்தை, தண்ணீர்க்கோட்டை ஒட்டி ஒருமுறை பார்ப்பாள். பிறகு அவரைப் பார்த்துத் தலையசைப்பாள். அவர் கையை உயர்த்துவார். அவள் துணிமூட்டையோடு தெருவில் ஏறிப் போவாள், மூன்று மணிக்குத் திரும்பி வருவாள். பதினேழாவது இடத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார், கோழிக்கூடை வைத்திருப்பவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சும்மா போகிறவர். பாலம் சரியாகி பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் அந்த வியாழக்கிழமை நடை மட்டும் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் ஃபைபர்காரர் ஒரு வியாழக்கிழமைகூட அந்த இடத்தைக் கேட்டதில்லை. வரச்சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை. படகு புறப்பட்டதும், அது இரண்டு விரற்கடை உயரமாகப் போவதைக் கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு, அவர் உள்ளே போய் கிரைண்டரைப் போடுவார்.